தற்செயல் விடுப்பு வெளிச்சம்

தேனாம்பேட்டையில் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், இணை இயக்குநரின் அறைக்கு ஒரு கதவு இருந்தது. கீழ்ப்பாதி மரம், மேல்பாதி மங்கல் கண்ணாடி. உள்ளே இருப்பவர் தெரிய மாட்டார், வெளிச்சம் மட்டும் தெரியும். வேலை நாட்களில் அந்தக் கண்ணாடியின் இடது ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சை ஒளி நிற்கும். சில நாள் இளந்தளிர் போலப் பளிச்சென்று, சில நாள் இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்படி. விதிமுறைப் புத்தகங்கள் எங்களிடம் ஒரு பீரோ நிறைய இருந்தன. அவற்றின் திருத்தங்களும், திருத்தங்களுக்கான விளக்கங்களும், பிரிவுக் கண்காணிப்பாளர் என்ற முறையில் எனக்கு மனப்பாடம். ஆனாலும் ஒரு கோப்பை இன்றைக்கு உள்ளே அனுப்பலாமா, நாளைக்கு அனுப்பலாமா என்பதை நாங்கள் முடிவு செய்தது அந்தப் பச்சை ஒளியைப் பார்த்துத்தான். எந்த அரசாணையிலும் இல்லாத இந்த நடைமுறைதான் எங்கள் அலுவலகத்தில் ஒரு நாளும் மீறப்படாமல் கடைப்பிடிக்கப்பட்டது.

ஒளி வந்தது ஒரு மீன் தொட்டியிலிருந்து. மீன் தொட்டி என்று சொன்னால் இணை இயக்குநர் அம்மையார் திருத்துவார். "செடித் தொட்டி சார். மீன் அதுல குடியிருக்கு, அவ்வளவுதான்." சாந்தோமில் தலைமுறை தலைமுறையாக ஒரே கோயிலில் ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம் அவருடையது, வீட்டில் பாதிப் பேர் ஆசிரியர்கள், மீதிப் பேர் ஆசிரியர்கள் மாதிரி பேசுகிறவர்கள். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. வீட்டைவிட அலுவலகத்தில் அதிக நேரம் இருப்பவள் தொட்டியை வேறு எங்கே வைப்பது என்று கேட்டுத் தன் அறையின் இரும்பு பீரோவுக்கு முன்னால் வைத்துக்கொண்டார். ஆண்டுதோறும் இருப்புச் சரிபார்க்க வரும் அதிகாரி நாற்காலிகளை எண்ணி முடித்து, தொட்டியருகே வந்ததும் தயங்குவார். "மேடம், இது எந்தத் தலைப்புல வருது?" "சொந்தத் தலைப்புல." அவர் நகர்ந்துவிடுவார்.

அம்மையாரிடம் எங்களுக்கு இருந்தது மரியாதை என்று இப்போது எழுதலாம்; அப்போது அதன் பெயர் பயம். கத்த மாட்டார். கோப்பை வீச மாட்டார். எதிரே நிற்பவரைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்தபடியே பேசுவார். "அவசரம்னு மேல எழுதாதீங்க. என்ன தேதிக்குள்ள வேணும்னு எழுதுங்க." அவ்வளவுதான் சொல்வார், வெளியே வரும்போது நமக்குத்தான் பனியன் நனைந்திருக்கும். அறையின் ஜன்னல் திரைகளை இழுத்து மூடி, குழல் விளக்குகளை அணைத்துவிட்டு, மேஜை விளக்கு ஒன்றின் கீழே கோப்பு படிப்பார். மின்சாரச் சிக்கனம் பற்றிய சுற்றறிக்கையை இந்த மாநிலத்தில் முழு மனதோடு கடைப்பிடித்த ஒரே அதிகாரி இவர்தான் என்று நான் பல கூட்டங்களில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

வெளிச்சத்தைப் பார்த்துக் குறி சொல்லும் கலையைத் தொடங்கியவர் எங்கள் தட்டச்சர். சிந்தாதிரிப்பேட்டைக்காரர். அம்மையாருக்கு மீன் தீனி வாங்கி வருவது அவர் பொறுப்பு என்பதால் தொட்டி விவகாரத்தில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. அந்தக் காலத்தில் தொட்டிக்கு மேலே இரண்டு குழல் விளக்குகள் இருந்தன. இரண்டும் எரிந்தால் போகலாம், ஒன்று எரிந்தால் போக வேண்டாம், எளிய கலைதான். பிறகு எல்.இ.டி. விளக்கு வந்தது, கூடவே வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு. கலை சாஸ்திரமாகிவிட்டது.

புது விளக்கு வந்த முதல் நாள் அம்மையார் அதை முழுதாகத் திருகி வைத்தார். மங்கல் கண்ணாடி பகலிலேயே விளக்கேற்றிய மாதிரி நின்றது. "சார், இப்பிடி ஒரு நாளு இனிமே வராது. இன்னா வோணுமோ கேட்டுக்கினு வந்துருங்க," என்றார் தட்டச்சர். இடமாறுதல் விண்ணப்பங்கள், நிலுவையில் கிடந்த சலுகைகள், எழுதவே கூசிய கோரிக்கைகள் எல்லாம் அந்த வாரம் உள்ளே போயின. பெரும்பாலானவை ஒப்புதலாகி வந்ததுதான் வினை. சாஸ்திரம் நிரூபணமாகிவிட்டது. கொஞ்ச நாளில் கண்ணாடி வழியே வந்த பச்சை அடர்ந்தது, கலங்கியது. இலைகள்மேல் பாசி, கல்மேல் பாசி, கண்ணாடிமேல் பாசி என்று தட்டச்சர் தகவல் கொண்டுவந்தார். ஒரு நாள் காலை ஒளியே இல்லை. அம்மையார் விளக்கை அணைத்துத் தொட்டியின்மேல் கறுப்புத் துணி போர்த்திவிட்டார். பாசியைப் பட்டினி போட அது ஒரு வழி என்று எங்களுக்கு யார் சொல்வது? அந்த நாட்களில் இரண்டாம் மாடியில் யாரும் சத்தமாகத் தும்மவில்லை. கூண்டோடு மாற்றப் போகிறார்கள் என்றொரு வதந்தி கீழ்த் தளம்வரை போய், இன்னும் இரண்டு பெயர்களைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தது.

அதன்பிறகு அவர் வெளிச்சத்தைச் சிறிது சிறிதாக ஏற்றினார். ஒவ்வொரு படிக்கும் தட்டச்சர் பெயர் வைத்தார். துணி போர்த்திய நாள், அமாவாசை. அதற்கு அடுத்தது, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க மட்டும் உள்ளே போகக்கூடிய நிலை. அதற்குப் பெயர் வைக்கும் துணிவு அவருக்கே வரவில்லை. அதற்கு மேலே, ஓரிரு நாள் லீவு கேட்கத் துணியக்கூடிய தற்செயல் விடுப்பு வெளிச்சம். அதற்கும் மேலே, நீண்ட லீவே கேட்கக்கூடிய ஈட்டிய விடுப்பு வெளிச்சம். உச்சியில், முதல் வாரத்துக்குப் பிறகு யாரும் காணாத, இடமாறுதல் வெளிச்சம். ஆண்டுக்கணக்கில் தொட்டி பெரும்பாலும் தற்செயல் விடுப்பு வெளிச்சத்திலேயே நின்றது. திங்கட்கிழமைகளில் மட்டும் ஒரு படி இறங்கும். ஆகவே திங்கட்கிழமை யாரும் உள்ளே போக மாட்டோம். ஒருமுறை, திங்கட்கிழமைகளில் கோப்புகள் ஏன் வருவதில்லை என்று விளக்கம் கேட்டு எனக்கு ஒரு குறிப்பாணையே வந்தது. அதில் அவர் கையெழுத்திட்டதும் ஒரு திங்கட்கிழமை. பார்த்தீர்களா, சொன்னோமே என்று எல்லோரும் தலையாட்டினார்கள். உரிய பத்திகளைச் சுட்டிக்காட்டி, எந்த அர்த்தமும் இல்லாத ஒரு விளக்கத்தை இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். என் பணிக்காலத்தின் சிறந்த உரைநடை அதுதான்.

அவர் ஓய்வு பெற்றார். தொட்டி சாந்தோமுக்குப் போனது. சில ஆண்டுகளில் நானும் ஓய்வு பெற்று மயிலாப்பூரில் என் வீட்டுப் பால்கனிக்கு மட்டும் கண்காணிப்பாளரானேன். சென்ற ஆண்டு மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள் அம்மையாரிடமிருந்து தொலைபேசி வந்தது. "சூப்பரின்டென்டென்ட் தானே? ஒரு லைட்டோட மேனுவல் படிக்கணும். நீங்கதான் எதையும் கடைசி வரி வரைக்கும் படிப்பீங்க. என்னால இப்ப படிக்க முடியல." அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் மற்ற வாக்கியங்களைப் போலவே சொன்னார். நான் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்ததை என் மனைவி பார்த்துவிட்டாள். "ரிட்டையராகி இத்தனை வருஷமாச்சு, இன்னும் கூப்பிட்ட குரலுக்கு ஓடறேளே. நம்மாத்து ட்யூப்லைட் ஒரு மாசமா மினுக்கிண்டே இருக்கு, அதைப் பாக்கத்தான் நாதியில்ல." சட்டையை மாட்டிக்கொண்டேன்.

சாந்தோம் வீடு பழைய ஓட்டு வீட்டை இடித்துக் கட்டியது; ஆனால் கூடத்துக் கதவை மட்டும் பழைய வீட்டிலிருந்து எடுத்து வைத்திருந்தார்கள். அதிலும் மேல்பாதி மங்கல் கண்ணாடிதான். நான் அதைக் கவனித்தேன் என்று சொன்னால் பொய். உள்ளே நுழைந்ததும் கவனித்தது வெளிச்சத்தை. மேற்கு ஜன்னல் விரியத் திறந்திருந்தது. கூரையில் மூன்று குழல் விளக்குகள் பகலிலும் எரிந்தன. வெள்ளைச் சுவரை ஒட்டித் தொட்டி. அதன்மேல் ஒரு நீளமான புது விளக்கு, கண் கூசும் அளவுக்கு. அந்த விளக்குகளுக்கு நடுவில் அம்மையார் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் புதினாத் துவையல் கரைத்த மாதிரி இருந்தது.

"உக்காருங்க," என்றார், ஜன்னலைப் பார்த்தபடி. பழைய பழக்கம் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததைப் படித்தவர் போல, "உங்களத்தான் பாக்கறேன். நேரா பாத்தா நடுவுல ஒரு ஓட்டை. முகம் இருக்கற இடத்துல ஒண்ணும் இருக்காது. இப்பிடித் திரும்பினா ஓரத்துல கொஞ்சம் தெரியும். மீசை எடுத்துட்டீங்களா?" என்றார். எங்களைப் பார்க்காமல் பேசுவதுதான் அந்த நாளில் அவருடைய அதிகாரம். இப்போது என்னைப் பார்ப்பதற்கே அவர் முகத்தை வேறு பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள், மேலும் மோசமாகாமல் நிறுத்தப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், போனது திரும்பாது. எல்லாவற்றையும் அறிக்கை மாதிரிச் சொல்லி முடித்தார்.

அவருடைய தம்பி மகள் தேநீர் கொண்டுவந்தாள். வேளச்சேரியில் இருக்கிறாள், கணினி நிறுவனத்தில் வேலை. ஞாயிறுதோறும் காலைப் பூசைக்கு அத்தையை அழைத்துப் போய்விட்டு, மதியம் முழுவதும் கையை முழங்கைவரை விட்டுத் தொட்டியைத் தேய்க்கிறாள். ஜன்னலைத் திறந்துவைத்தது, குழல் விளக்குகளைக் கூட்டியது, சக்தி வாய்ந்த விளக்கு வாங்கியது எல்லாம் அவள்தான். அத்தைக்குத் தெரியவில்லை என்றால் வெளிச்சத்தைக் கூட்டுவதுதானே முறை? கூட்டினாள். தண்ணீர் பச்சையானது. தேய்த்தாள். பச்சையில் தெரியவில்லை என்றதும் இன்னும் கூட்டினாள்.

"அங்கிள், நீங்களாவது சொல்லுங்க. இது மூணாவது தடவ. இன்னொரு வாட்டி பச்சையாச்சுன்னா தொட்டிய குடுத்துடலாம்னு சொல்லிட்டேன். ஆபீஸ்ல ஒரு ஃப்ரெண்ட் கேட்டுட்டே இருக்கா. மீனெல்லாம் சாகறதுக்கு முன்னாடி எங்கயாவது நல்லா இருக்கட்டும்." அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

அம்மையார் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "அவ சொல்றது நியாயந்தான் சார். ஞாயித்துக்கெழமைய இதுல தொலைக்கறா. ஆனா கண்ணு போய்ட்டிருக்கு. போறவரைக்கும் பாக்கணும்னு நெனக்கற ஒண்ணே ஒண்ணு இதுதான். வேற எதையும் கேக்கல," என்றார். முப்பது ஆண்டு அரசுப் பணியில் நான் கேட்ட கோரிக்கைகளில், இவ்வளவு சுருக்கமாக, எந்த ஆவணமும் இணைக்கப்படாமல் வந்தது இது ஒன்றுதான்.

முறைப்படி தொடங்கினேன். விளக்கின் கையேட்டைக் கடைசி வரிவரை படித்தேன். தொட்டியின் நீள அகல உயரம் அளந்து, மணலுக்கும் கல்லுக்கும் கழித்து, தண்ணீர் எத்தனை லிட்டர் என்று கண்டேன். லிட்டருக்கு இத்தனை ஒளி அலகு என்றால் குறைவு, இத்தனை என்றால் நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்று செடித் தொட்டிக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கைப் பிடித்தேன். தொட்டி ஆழமானால் அடிமட்டத்துக்கு ஒளி குறையும், அதற்கும் ஒரு கழிவு. அம்மையார் வளர்ப்பவை பெரும்பாலும் மெதுவாக வளரும் அகல இலைச் செடிகள். அவற்றுக்கு நடுத்தரமே தாராளம். விளக்கைக் கைப்பேசி வழியாக நடுத்தரத்துக்கு இறக்கி, நாளுக்கு ஏழு மணி நேரம் என்று வைத்தேன். அவ்வளவு அழகான கணக்கை என் வாழ்க்கையில் போட்டதில்லை. அம்மையார் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செடி இருக்குன்னு தெரியும். கண்ணுக்குத் தெரியல," என்றார்.

சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனேன். எங்கள் தட்டச்சர் மீன் தீனி வாங்கி வாங்கியே ஒரு வண்ண மீன் கடைக்காரருக்குச் சினேகிதராகி, ஓய்வுக்குப் பிறகு அந்தக் கடையிலேயே உட்கார்ந்துவிட்டவர். சுவரெல்லாம் தொட்டிகள் அடுக்கிய அந்த இருட்டுச் சந்துக் கடையில் அவரைப் பார்த்தபோது, கடவுள் சிலரைச் சரியான அலுவலகத்தில் பணியமர்த்தப் பிறப்பிலேயே மறந்துவிடுகிறார் என்று தோன்றியது. விஷயத்தைச் சொன்னேன். அம்மையாரின் கண்ணைப் பற்றிச் சொன்னதும் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார்.

"மேடத்துக்கா? அடப் பாவமே. இன்னா சார் இது..." பிறகு கடைக்காரராகிவிட்டார். "ஒண்ணியும் யோசிக்காதே சார். இத்தவிடப் பெர்சா ஒரு லைட்டு கீது. அத்தப் போட்டா மீனு முள்ளே தெரியும்."

"ஏற்கெனவே பச்சையாகுதுன்னு சொல்றேன்."

"பாசிக்கு மருந்து கீது சார். அதையும் எட்த்துக்கினு போ."

விளக்கையும் மருந்தையும் வாங்காமல் திரும்பினேன். தண்ணீர் தெளிந்திருந்தால் அத்தைக்குத் தெரியவில்லை. தெரியட்டும் என்று தம்பி மகள் விளக்கை ஏற்றினால் தண்ணீர் தெளிவாக இருப்பதில்லை. என் அழகான கணக்கை அவள் யாரும் பார்க்காதபோது மீறினாள் என்று அடுத்த வாரமே தெரிந்தது. கண்ணாடியின் மூலையில் பச்சை துளிர்த்திருந்தது. "அத்தை பாக்கணும்னுதானே அங்கிள் இதெல்லாம்," என்றாள். அவள் செய்ததில் விதிமீறல் எதையும் என்னால் காட்ட முடியவில்லை.

அந்த ஞாயிறு மதியம் அவள் மீண்டும் தொட்டியைத் தேய்த்து, தண்ணீரைப் பாதி மாற்றி முடித்திருந்தாள். இதுதான் கடைசித் தேய்ப்பு என்று மூவருக்கும் தெரியும். கை கழுவ வெளியே போன நான், கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றேன். அப்போதுதான் அந்த மங்கல் கண்ணாடியைப் பார்த்தேன். கால் தானாக நின்றது, பணிக்காலப் பழக்கம். கண் இடது ஓரத்துக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. கண்ணாடி முழுவதும் ஒரே வெள்ளை. உள்ளே அவ்வளவு பெரிய விளக்கு தொட்டியின்மேல் எரிகிறது, ஆனால் தொட்டி இருக்கும் அடையாளமே இல்லை.

தேனாம்பேட்டையில் இதைவிடச் சின்ன விளக்கு, நட்டநடுப் பகலில், தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்தே தெரியுமே என்று நினைத்தேன். ஏன் தெரிந்தது? அறை இருட்டாக இருந்தது. திரை மூடியிருந்தது, குழல் விளக்குகள் அணைந்திருந்தன, தொட்டிக்குப் பின்னால் கரும்பச்சை இரும்பு பீரோ நின்றது. மின்சாரச் சிக்கனச் சுற்றறிக்கை! நான் எத்தனை கூட்டத்தில் அந்தச் சுற்றறிக்கையைப் புகழ்ந்திருக்கிறேன்.

உள்ளே வந்து யாரிடமும் கேட்காமல் ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்தேன். மாலை வெயில் நேராகத் தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பாசிக்கு விருந்து போட்டது புது விளக்கு மட்டுமல்ல. குழல் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தேன். வெள்ளைச் சுவரை மறைக்க ஏதாவது வேண்டும் என்றதும், தம்பி மகள் பரணிலிருந்து பழைய கறுப்புச் சேலை ஒன்றைக் கொண்டுவந்து தொட்டிக்குப் பின்னால் தொங்கவிட்டாள். துக்க வீட்டுக்குக் கட்டும் சேலை அது. "போகட்டும், நல்ல காரியத்துக்கும் ஒரு தடவ," என்றார் அம்மையார்.

"நான் கதவுக்கு வெளியே நிக்கறேன். நீங்க போன்ல லைட்ட மெதுவா குறைச்சுட்டே வாங்கம்மா. நான் சொல்லும்போது நிறுத்துங்க," என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போய்க் கதவைச் சாத்தினேன். கண்ணாடியின் இடது ஓரத்தில் இப்போது ஒளி இருந்தது. வெள்ளையாக, பெரிதாக. இடமாறுதல். "குறைங்க!" ஈட்டிய விடுப்பு. "இன்னும் கொஞ்சம்!" அது சுருங்கிப் பச்சையானது. உள்ளங்கை அகலம். அதற்குக் கீழே ஒரு மயிரிழை போனால் நான் விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு இருக்கைக்குத் திரும்பியிருப்பேன். "போதும்! அங்கேயே நிறுத்துங்க! இதான்!"

"எதுடா இதான்?" என்று உள்ளிருந்து அம்மையாரின் குரல் வந்தது. என்னை அவர் டா போட்டது அன்றுதான் முதல்முறை. தம்பி மகளைச் சொன்னாரோ என்னவோ. "வெளிய நின்னுக்கிட்டு என்ன பண்றீங்க சூப்பரின்டென்டென்ட்?"

சொல்ல வேண்டியதாயிற்று. அமாவாசை முதல் இடமாறுதல்வரை எல்லாப் படிகளையும், அவற்றைக் கண்டுபிடித்தவர் யார் என்பதையும், திங்கட்கிழமை விரதத்தையும், உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஒப்புவித்தேன். அவர் திரையைப் பார்த்தபடி, அதாவது என்னைப் பார்த்தபடி, கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் மூடா? லைட்டா? ஞாயித்துக்கெழமை ஆபீஸ் பூட்டியிருக்கும். அதனால திங்கக்கெழமை காலைல செடி வெட்டுவேன். வெட்டினா அன்னைக்கு ஒரு நாள் வெளிச்சத்தக் குறைக்கணும். அதுக்கா யாரும் உள்ள வரல? நீங்கள்லாம் திங்கக்கெழமைன்னா சோம்பேறின்னு நெனச்சு மெமோவே குடுத்தேன்!"

"ரெண்டு பக்கம் விளக்கம் குடுத்தேன் மேடம்."

"படிச்சேன். ஒண்ணும் புரியல. இவ்வளவு நல்லா எழுதறவர்கிட்ட மேல கேக்க வேணாம்னு விட்டுட்டேன்." சிரிக்கத் தொடங்கிவிட்டார். நான் அவர் சிரித்துக் கேட்டதே இல்லை. மூச்சு வாங்கி, தோள் குலுங்கி, கண்ணைப் புறங்கையால் துடைத்துச் சிரிக்கிற சிரிப்பு. "யோவ், கேட்டிருந்தா எல்லா நாளும் குடுத்திருப்பேனேய்யா லீவு. யாருமே வந்து கேக்க மாட்டேங்கறாங்களேன்னு நான்..."

சிரித்து முடித்து, ஜன்னல் பக்கம் திருப்பிய முகம் அப்படியே நின்றது. விரலைத் தூக்கினார். தொட்டியில் நீலக்கோடு போட்ட சின்ன மீன்கள் கறுப்புச் சேலைக்கு முன்னால் ஒரு கூட்டமாகத் திரும்பின. "அதோ. கோடு கோடா. போகுது பாரு... இலைக்குப் பின்னால போயிடுச்சு. இரு, திரும்ப வரும்." வந்தது. தம்பி மகள் கைப்பேசியைக் கையில் பிடித்தபடி தொட்டியைப் பார்க்காமல் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு அவள் முன்பு வைத்திருந்ததில் பாதிகூட இல்லை.

மீண்டும் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனேன். கைப்பேசியில் விரலால் தடவி அளவு வைப்பது அம்மையாரால் ஆகாது. ஒவ்வொரு தடவையும் யாரையாவது கேட்க வேண்டியிருக்கும். கேட்பது அவருக்கு ஒத்துவராத காரியம். பழைய மாதிரி ஒரு திருகு வேண்டும் என்றேன். "அல்லாரும் போன்ல பண்ணிக்கினு கீறாங்கோ, நீ போயி திருகு கேக்கறியே சார்," என்று சலித்துக்கொண்டே தட்டச்சர் அடியிலிருந்த பெட்டிகளைக் குடைந்தார். "எந்த அளவுல சார் வெச்சிருக்கே?" அவர் வைத்த பெயரையே சொன்னேன்: தற்செயல் விடுப்பு வெளிச்சம். கையில் திருகோடு நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கடை இருட்டிலும் அவர் முகம் இடமாறுதல் வெளிச்சத்துக்குப் போயிற்று. "இன்னும் ஞாபகம் கீதா சார் உனக்கு?" ஞாயிறன்று அவரே வந்து அதைப் பொருத்தினார். இந்த முறை கதவுக்கு வெளியே நின்று பார்த்தவர் அவர். நான் வைத்த அளவு ஒரு துளி அதிகம் என்று திருத்தினார். அந்த அளவில் திருகின் விளிம்பில் தம்பி மகள் நகச்சாயத்தை ஒரு சொட்டு வைத்து, காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு சொட்டு வைத்தாள், விரலுக்குத் தட்டுப்படும்படி.

பிறகு எல்லோரும் பாசிக்காகக் காத்திருந்தோம். மழை வந்தது, வேளச்சேரியில் தெருவில் தண்ணீர் நின்று, தம்பி மகளால் இரண்டு வாரம் வர முடியவில்லை. அவள் தினமும் எனக்குத் தொலைபேசி செய்து, மழையைப் பற்றிப் பேசிவிட்டு, கடைசியில் "தண்ணி எப்பிடி இருக்கு அங்கிள்?" என்பாள். அவள் வீட்டு வாசலில் நிற்கும் தண்ணீரை அவள் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் குடையோடு போய்ப் பார்த்துவிட்டு வருவேன். மூலையில் தேய்ப்புக்குத் தப்பிய பச்சை அப்படியே நின்றது, வளரவில்லை. பிறகு மங்கியது. அகல இலைகளில் ஒன்று, வெளிர்ப்பச்சையில், சுருள் பிரிந்து வந்தது. அம்மையார் அதைப் பார்க்கவில்லை, ஆனால் கையை விட்டுத் தடவி என்னைவிட இரண்டு நாள் முன்பே கண்டுபிடித்திருந்தார். மழை விட்டு வந்த ஞாயிறு தம்பி மகள் தேய்ப்பதற்குத் தயாராகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தாள். தேய்க்க ஒன்றும் இல்லை. மடித்த கையை இறக்கிவிட்டாள். பிறகு அத்தை பக்கத்தில் உட்கார்ந்து அவளும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்தாள். தொட்டி கேட்ட ஃப்ரெண்டைப் பற்றி அதன்பிறகு பேச்சு எழவில்லை. ஊசி தொடர்கிறது. சென்ற முறை மருத்துவர், இருப்பது இருக்கிறபடியே இருக்கிறது என்றாராம். அம்மையார் அதை நல்ல குறிப்பு என்கிறார். அரசு மொழியில் நான் படித்தவரை, அது மிக நல்ல குறிப்பு.

வாரம் ஒரு முறை இப்போதும் போகிறேன். எங்கள் வீட்டுக் குழல் விளக்கையும் மாற்றிவிட்டேன் என்பதை என் மனைவியின் பார்வைக்காக இங்கே பதிவு செய்கிறேன். நேற்று மாலை போனபோது தாழ்வாரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கம்போல மணியை அழுத்துமுன் கண்ணாடியைப் பார்த்தேன். இடது ஓரத்தில் பச்சை ஒளி. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் அகலம். நகச்சாயப் புள்ளியைத் தாண்டி யாரோ திருகியிருக்கிறார்கள். தம்பி மகள் வேளச்சேரியில், வீட்டில் வேறு ஆள் இல்லை. செடிகள் நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகு ஒரு படி ஏற்றுவதுதான் முறை, கையேட்டிலும் உண்டு. யாரையும் கேட்காமல் ஏற்றியிருந்தார். தேனாம்பேட்டையில் இந்த வெளிச்சத்தைப் பார்த்த நாளில் நாங்கள் என்னவெல்லாம் எழுதிக்கொண்டு ஓடியிருப்போம் என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

"நெழல் தெரியுது," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "பாத்தது போதும், உள்ள வாங்க. எத்தன நாள் லீவு வேணும்?"